காரைக்குடியா, தேவகோட்டையா?

பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் இரண்டு கலைக் கல்லூரிகள். இரண்டிலும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடத்திட்டம். பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பிளஸ் டூ முடிவு வந்த அன்றிலிருந்து ஜூன் கடைசி வரை ஊரெங்கும் பேச்சு மருத்துவக் கல்லூரியையும் பொறியியல் கல்லூரியையும் பற்றித்தான். கட்-ஆஃப் எவ்வளவு, எந்தச் சுற்றில் எந்தக் கல்லூரி கிடைக்கும், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. கல்யாண மண்டபம் பிடித்து வழிகாட்டி நிகழ்ச்சி நடத்துகிறார்கள். பி.ஏ.வோ பி.எஸ்சி.யோ சேரப்போகிற பிள்ளைக்குச் சொல்ல மட்டும் யாரிடமும் எதுவும் இல்லை. "ஆர்ட்ஸ் காலேஜ்தானே, எங்க படிச்சா என்ன?" என்ற ஒரே வாக்கியத்தில் அந்தப் பிள்ளையின் மூன்று வருடத்தைப் பேசி முடித்துவிடுகிறோம்.

எங்கே படிக்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. பொறியியல் படிக்கிறவருக்கு வளாகத் தேர்வு, கோச்சிங், வெளியூர் விடுதி என்று நாலு வாசல் உண்டு. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்து பி.ஏ. படிக்கிற முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்லூரி ஒன்றுதான் வாசல். அவருக்குத்தான் தேர்வு அதிகம் முக்கியம். அவர்தான் பெரும்பாலும் அரை மணி நேரத்தில், பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கே சேர்ந்தது என்று கேட்டு முடிவெடுக்கிறார்.

மே மாத மதியம் ஒன்றில் காரைக்குடிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு பிரவுசிங் சென்டரில் அந்த அரை மணி நேரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அம்மா பலகாரக் கடையில் முறுக்குச் சுற்றுகிறவர். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், புறங்கையில் மாவு காய்ந்திருந்தது. மகள் கையில் மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸ். நான்கு பாடங்களும் சேர்த்து நானூறுக்கு 318. தமிழில் மட்டும் 96.

"என்ன குரூப்புக்கா போடணும்?" என்றார் சென்டர்காரர்.

"பி.காம் போடுங்க தம்பி. எல்லாரும் அதான் போடுறாக."

"அம்மா, தமிழ் போடச் சொல்லும்மா."

"தமிழா? அதப் படிச்சுட்டு என்ன ஆத்தா பண்ணுவ?"

சென்டர்காரர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினார். "அக்கா, கவர்ன்மென்ட் காலேஜ்ல பி.காமுக்கு 318 பத்தாது. தமிழுக்கு மொத்த மார்க்கப் பார்க்க மாட்டாக, தமிழ் மார்க்க மட்டும்தான் பார்ப்பாக. 96-ன்னா பாப்பா லிஸ்ட்ல முன்னாடி வந்துரும். பி.காம்தான் வேணும்னா தேவகோட்டையில ஒரு அப்ளிகேசன் வாங்கிப் போட்டு வைங்க. செல்ஃப்ல கிடைச்சாலும் கிடைக்கும்."

அம்மா மகளைப் பார்த்தார். மகள் மானிட்டரைப் பார்த்தாள். பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டிய பாதி விஷயம் அந்தச் சென்டர்காரரின் பேச்சில் இருந்தது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையதளம் வழியாகத்தான் விண்ணப்பம். கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அந்த 2 ரூபாய் மட்டும். பெரும்பாலான பாடப்பிரிவுகளுக்கு நானூறுக்கு எடுத்த மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். தமிழ் இலக்கியத்துக்கும் ஆங்கில இலக்கியத்துக்கும் அந்தந்த மொழிப்பாட மதிப்பெண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். மொத்தத்தில் பின்தங்கிய பிள்ளை ஒரு மொழியில் முன்னால் நிற்க முடியும் என்பது பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது தனி. அங்கே கல்லூரி அலுவலகத்திலேயே விண்ணப்பம் வாங்கி, நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

மீதிப் பாதி விஷயத்துக்கு, இந்த வட்டாரத்தில் இத்தனை கல்லூரிகள் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கொடுத்தவர்களும் கற்பித்தவர்களும்

1947 வரை காரைக்குடிப் பிள்ளைக்குப் பி.ஏ. என்றால் வெளியூர்தான். மதுரையில் 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு மாறிய செயின்ட் ஜோசப் கல்லூரி, புதுக்கோட்டையில் மன்னர் கல்லூரி, இல்லையென்றால் சிதம்பரம். சிதம்பரத்தில் கல்லூரி வைத்தவரே செட்டிநாட்டுக்காரர்தான். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் அங்கே தொடங்கிய மீனாட்சி கல்லூரி, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஊர்க்காரர் கட்டிய கல்லூரி, ஆனால் ஊரில் இல்லை.

கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் படித்துவிட்டு லண்டனில் பாரிஸ்டர் ஆனவர். 1947-இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டையொட்டி நடந்த கூட்டத்தில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் ஒரு வேண்டுகோள் வைத்தார். சுதந்திரம் வரப்போகிறது, மாவட்டங்களில் கல்லூரிகள் வேண்டும், வசதியுள்ளவர்கள் முன்வர வேண்டும் என்றார். அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குகிறேன் என்று அறிவித்தார். கட்டடம் எழும்பட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்த ஆகஸ்டிலேயே காந்தி மாளிகையில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. அதே 1947-இல் சிவகங்கையில் மன்னர் துரைசிங்கம் பெயரில் இன்னொரு கல்லூரி வந்தது. ஒரே ஆண்டில் வானம் பார்த்த பூமிக்கு இரண்டு கல்லூரிகள்.

அழகப்பரின் கை அதோடு நிற்கவில்லை. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நடுவில் 1952-இல் பொறியியல் கல்லூரி. தொழுநோய் உடலைத் தின்றுகொண்டிருந்த ஆண்டுகளில் செய்த வேலை இத்தனையும். 1957 ஏப்ரல் 5 அன்று, 48 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது காலமானார். அவர் போட்ட அடித்தளத்தின்மேல் 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் எழுந்தது. முதலில் தொடங்கிய கலைக் கல்லூரி இன்று அழகப்பா அரசு கலைக் கல்லூரி.

பின்னால் வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. திருப்பத்தூரில் 1965-இல் ஆறுமுகம் பிள்ளை சீதை அம்மாள் கல்லூரி வந்தது. பள்ளத்தூரில் பெண்களுக்கென்றே சீதாலட்சுமி ஆச்சி கல்லூரி வந்தது. 1970-இல் தேவகோட்டையில் ஸ்ரீ சேவுகன் அண்ணாமலை கல்லூரியும் இளையான்குடியில் டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரியும் தொடங்கின. சிறு ஊர்கள், சிறு கல்லூரிகள். ஒவ்வொன்றின் பெயர்ப்பலகையிலும் ஒரு குடும்பமோ ஒரு தலைவரோ இருக்கிறார்கள்.

கொடுத்தவர்களை ஊர் நன்றியோடு நினைக்கிறது. நினைக்கத்தான் வேண்டும். ஆனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேறு ஒரு கதை அதிகம் உதவும்.

மேலைச்சிவபுரியில் 1917-இல் பிறந்த ஒரு பையன், சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு, அந்தக் காலச் செட்டிநாட்டுப் பிள்ளைகளைப் போலவே ரங்கூனுக்குக் கடை வேலைக்குப் போனான். அங்கே முதலாளிக்காகப் பொய் சொல்ல மறுத்து ஊர் திரும்பினான் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. திரும்பி வந்தவனைக் கைப்பிடித்துத் தமிழுக்கு அழைத்துப் போனவர் பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியார். அந்த ஒரு ஆசிரியர் பக்கத்தில் இல்லாதிருந்தால் வ.சுப. மாணிக்கம் என்ற அறிஞர் நமக்கு இல்லை. அவர் பின்னாளில் அழகப்பா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்தார், பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். அவர் காரைக்குடியில் பாடம் நடத்திய ஆண்டுகளில் அங்கே தமிழ் படித்த மாணவருக்கு, இந்தியாவின் எந்தப் பெரிய கல்லூரியிலும் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் குறைவாக எதுவும் கிடைக்கவில்லை.

சிவகங்கைக் கல்லூரிக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. கவிஞர் மீரா அங்கே தமிழ்ப் பேராசிரியர். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் அவரே அன்னம் பதிப்பகம் நடத்துகிறவர், புதுக்கவிதையை அச்சில் ஏற்றுகிறவர். ஒரு சின்ன ஊர் மாணவன் தன் ஆசிரியரின் அச்சகத்தில் புரூஃப் தாளைப் பார்க்க முடிந்த இடம் அது. கல்லூரியின் பரப்பளவோ கட்டடமோ இதைத் தரவில்லை, ஒரு துறையில் ஒரு மனிதர் இருந்ததால் கிடைத்தது.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர் முதலில் துறையைப் பார்க்க வேண்டும். துறையைப் பார்ப்பது என்றால், அங்கே யார் பாடம் எடுக்கிறார்கள் என்று பார்ப்பது.

எய்டட்டா, செல்ஃபா?

சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் கலைக் கல்லூரிகள் அழகப்பா பல்கலைக்கழகத்தில் இணைந்தவை. காரைக்குடியில் படித்தாலும் தேவகோட்டையில் படித்தாலும் பல்கலைக்கழகம் வகுத்த பாடத்திட்டம்தான், பல்கலைக்கழகத் தேர்வுதான், பட்டத்தில் இருப்பது அழகப்பா பல்கலைக்கழகத்தின் பெயர்தான். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எந்த வளாகத்தில் உட்கார்ந்து படித்தாய் என்று அநேகமாக யாரும் கேட்கப்போவதில்லை. 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 25 உள்மதிப்பீட்டுக்கு. காகிதத்தில் இரண்டு கல்லூரியும் ஒன்று.

வித்தியாசம் வகுப்பறையில் இருக்கிறது. அதை அறிய ஒரு கேள்வி போதும். தமிழ்நாட்டுக் கல்லூரி வாசல்களில் எல்லாரும் கேட்கிற கேள்வி அது: "எய்டட்டா, செல்ஃபா?"

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றுக்குள் உண்மையில் இரண்டு கல்லூரிகள் இருக்கும். எய்டட் பாடப்பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, மாணவர் கட்டணம் குறைவு. செல்ஃப் என்று சொல்லப்படும் சுயநிதிப் பிரிவில் மாணவர் கட்டும் பணத்திலிருந்துதான் ஆசிரியருக்குச் சம்பளம். ஒரே கட்டடம், ஒரே வாசல், சில இடங்களில் ஒரே பாடம்கூட இரண்டு பிரிவிலும் உண்டு. கட்டணத்தில் மட்டும் பல மடங்கு வித்தியாசம் இருக்கும். "தேவகோட்டையில் இடம் கிடைத்துவிட்டது" என்று சொல்கிற வீட்டில் எந்தப் பிரிவில் என்று கேட்டுப் பாருங்கள். முதல் தவணையைக் கட்டப் போகும்போதுதான் தெரிந்தது என்று பல பெற்றோர் சொல்வார்கள்.

அரசுக் கல்லூரியில் கட்டணக் கவலை இல்லை. இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணமே கிடையாது, மற்றவை சேர்த்தும் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பஸ் பாஸ் இலவசம். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தத் துறையில் நிரந்தரப் பேராசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர்? மாநிலம் முழுக்க அரசுக் கல்லூரிகளின் பாரத்தில் பெரும் பங்கைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டம், நெட், செட் எல்லாம் முடித்துவிட்டு, மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கு 11 மாதம் வேலை பார்க்கிறார்கள். 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் அறிவிக்கை விட்டது. அவ்வளவு இடம் காலியாகக் கிடந்தது என்பதுதான் அதன் பொருள். சுயநிதிப் பிரிவுகளில் பல இடங்களில் சம்பளம் இதைவிடவும் குறைவு. எய்டட் பிரிவிலும் ஓய்வு பெற்றவரின் நாற்காலி ஆண்டுக்கணக்கில் காலியாக இருப்பது உண்டு.

இந்த ஆசிரியர்களைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த மாநிலத்தில் முதல் தலைமுறைப் பிள்ளைகள் பட்டம் வாங்குவது அவர்கள் உழைப்பில்தான். அவர்களுக்கு உரிய ஊதியத்தை அரசும் நிர்வாகங்களும் கொடுக்காமல் வைத்திருப்பது அநியாயம், அதை உரக்கச் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற கவலையோடு வருகிறவர், நல்ல இடம் கிடைத்ததும் போய்விடுவார். முதல் செமஸ்டரில் யாப்பருங்கலக்காரிகை சொல்லிக் கொடுத்தவர் மூன்றாம் செமஸ்டரில் இருக்க மாட்டார். பிள்ளையை மூன்று வருடமும் பார்த்து, இவளுக்கு எழுத்து வருகிறது, இவனை எம்.ஏ.வுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்ல ஒருவராவது துறையில் நிலையாக இருக்க வேண்டும். அப்படி இரண்டு பேர் இருக்கிற சிறிய துறை, பெயர் பெற்ற பெரிய துறையைவிட மேல் என்பது என் முடிவு.

இதைத் தெரிந்துகொள்ள யாரிடமும் சிபாரிசு பிடிக்க வேண்டியதில்லை. நாக் தரமதிப்பீட்டுக்காக ஒவ்வொரு கல்லூரியும் சுய மதிப்பீட்டு அறிக்கை ஒன்று தயாரிக்கிறது, அதைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். எத்தனை ஆசிரியர்கள், எத்தனை ஆண்டு அனுபவம், நூலகத்தில் எத்தனை புத்தகங்கள், தேர்ச்சி எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். வாசல் பேனரில் பெரிய எழுத்தில் இருக்கும் நாக் கிரேடு மொத்தக் கல்லூரிக்கும் சேர்த்துக் கொடுத்தது. உங்கள் பிள்ளை சேரப்போகிற துறையைப் பற்றி அது தனியாக எதுவும் சொல்லாது.

அறிக்கையைவிட நல்ல சாட்சி மூன்றாம் ஆண்டு மாணவர். ஊரில் யாராவது ஒருவர் அந்தத் துறையில் கட்டாயம் படித்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் ஒரு வாரத்தில் எத்தனை வகுப்பு நடக்கிறது, நூலகத்தில் புத்தகம் எடுக்க விடுகிறார்களா, பெண் பிள்ளைகளுக்குக் கழிவறை எப்படி என்று கேட்டால் பதில் வந்துவிடும். முகத்தைப் பார்த்தாலே பாதி தெரியும்.

தமிழ் படித்து என்ன ஆவது?

பிரவுசிங் சென்டரில் அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. பலகாரக் கூலியில் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர் வேறு எப்படிக் கேட்பார்? அவருக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் கேட்கிற 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்து வருகின்றன. மற்ற அரசுப் பணித் தேர்வுகளிலும் தமிழ்த் தகுதித் தாளில் தேறியாக வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசு ஆணை வந்தது. பி.ஏ. தமிழ் முடித்தவர் நேரே பி.எட். சேரலாம். பி.காம் படித்தவர் பி.எட். சேர வேண்டுமானால் எம்.காம் முடித்திருக்க வேண்டும், பொருளாதாரத்துக்கும் அப்படித்தான். ஆசிரியர் வேலையை மனதில் வைத்துக்கொண்டு பி.காமில் சேர்ந்துவிட்டு மூன்றாம் வருடம் இதைத் தெரிந்துகொள்கிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பி.காம் மட்டம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. கணக்கு வரக்கூடிய, ஆடிட்டர் அலுவலகத்தையோ வங்கியையோ குறிவைக்கிற பிள்ளைக்கு அதுதான் சரி. ஆனால் பட்டத்தின் பெயரைக் கவனிக்க வேண்டும். புதுப் பெயர்களோடு வரும் சில பட்டங்களை அரசு வேலைக்குப் பழைய பட்டத்துக்கு இணையானதாக ஏற்க, அரசு தனியாக ஆணை போட்டிருக்க வேண்டும். சுயநிதிப் பிரிவில் கவர்ச்சியான பெயரில் ஒரு பாடம் இருந்தால், இதற்கு இணைத்தன்மை ஆணை உண்டா என்று சேரும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ஊரும் ஒரு வகுப்பறை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் படிக்கிறவருக்குக் காரைக்குடியைப் போல ஓர் ஊர் அமைவது அரிது. சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகம் இன்றும் பங்குனியில் விழா எடுக்கிறது. காரைக்குடியில் தொடங்கி, கம்பன் அடங்கியதாகச் சொல்லப்படும் நாட்டரசன்கோட்டையில் முடிகிற விழா அது. டிக்கெட் கிடையாது, யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம். வரலாறு படிக்கிறவருக்கு இதே மாவட்டத்தில் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்துக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாம். மாணவர்களை இங்கெல்லாம் கூட்டிப் போகிற துறையா என்பது மூன்றாம் ஆண்டு மாணவரிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி.

பஸ், வீடு, பெண் பிள்ளைகள்

தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்கும் குறைவு. நடுவில் உள்ள கிராமங்களுக்கு இரண்டும் ஒரே தூரம். ஆனாலும் பஸ் நேரம் முடிவை மாற்றிவிடும். சாயங்காலம் கல்லூரி விட்டபின் ஊருக்குள் வரும் பஸ் எத்தனை மணிக்கு, அதை விட்டால் அடுத்தது எப்போது என்று விசாரிப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார முடிவதும் முடியாமல் போவதும் அந்தப் பஸ்ஸைப் பொறுத்தது. நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்துவந்த மாணவிக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வருகிறது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பின்னர் சேர்த்துக்கொண்டார்கள். இந்தப் பணம் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் வரும், அதனால் இதை வைத்துக் கல்லூரியை முடிவு செய்ய வேண்டியதில்லை.

பல வீடுகளில் கேள்வியே காரைக்குடியா தேவகோட்டையா என்று வருவதில்லை. "பொம்பளப் பிள்ளைக காலேஜா, ஆம்பளையும் பொம்பளையும் படிக்கிற காலேஜா?" என்பதே அப்பத்தா கேட்கிற முதல் கேள்வி. பள்ளத்தூருக்கு அனுப்புகிறேன், வேறு எங்கும் அனுப்ப மாட்டேன் என்று அப்பா நின்றால், அந்தப் பெண் பள்ளத்தூருக்குப் போகட்டும். அங்கே படித்து வெளியே வந்தவர்கள் இந்தப் பகுதியின் பள்ளிகளில் தலைமுறையாகப் பாடம் எடுக்கிறார்கள். படிக்காமல் வீட்டில் இருப்பதைவிட எதுவும் மேல். ஆனால் அவளைக் கேட்காமலே பெரியவர்கள் கூடி முடிவெடுப்பதை என்னால் ஏற்க முடியாது. ஓட்டுப் போடும் வயதைத் தொட்டுவிட்ட பெண் தன் பாடத்தைத் தானே சொல்லட்டும். கல்லூரி பற்றிய பேச்சு அதற்குப் பிறகு நடக்கட்டும்.

சிறிய கல்லூரி என்றால்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் என்று இரண்டு சிறிய கல்லூரிகள். வில்லியம்ஸ் 1793-இல் தொடங்கியது. ஒதுக்குப்புறமான மலைப்பகுதியில் கல்லூரி நிலைக்காது என்று நினைத்த அதன் தலைவர் 1821-இல் மாணவர்கள் சிலரோடு வெளியேறித் தொடங்கியது ஆம்ஹர்ஸ்ட். அந்த முதல் நாளிலிருந்தே, இதா அதா என்பது மாணவர்கள் முன்னால் இருந்த கேள்வி. இரண்டும் இன்றுவரை சின்னதாகவே இருக்கின்றன. பத்துக்கும் குறைவான மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பதைத் தங்கள் பெருமையாகச் சொல்கின்றன. சேரும் முன் குடும்பமாகப் போய் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள், வகுப்பில் உட்கார்ந்து கேட்கிறார்கள். பேராசிரியரோடு பேசிவிட்டு வருகிறார்கள்.

அவர்களுடைய செல்வம் நம்மிடம் இல்லை. அங்கே ஒரு வருடக் கட்டணத்தில் இங்கே ஒரு தெருவே பட்டம் வாங்கிவிடும். ஆனால் சிறியது என்பதை அவர்கள் பலமாகப் பார்க்கிறார்கள், நாம் குறையாகப் பார்க்கிறோம். தேவகோட்டையிலோ இளையான்குடியிலோ ஒரு துறையில் முப்பது பேர் மட்டும் சேர்ந்தால் "கூட்டமே இல்லை, நல்ல காலேஜா இருக்காது" என்கிறோம். முப்பது பேர் உள்ள வகுப்பில்தான் ஆசிரியருக்கு எல்லார் பெயரும் தெரியும். கடைசி பெஞ்சில் இருப்பவளுக்கும் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வாய்ப்பு வரும். எழுபது பேர் உள்ள வகுப்பில் பேசத் தெரிந்த பத்துப் பேர் பேசுவார்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளைக்குச் சிறிய வகுப்பு பெரிய உதவி.

நம் குடும்பங்களும் போய்ப் பார்க்கலாம். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத் துறைத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்றால் யாரும் தடுக்கப்போவதில்லை. அங்கே கால் வைக்க நமக்குத் தகுதி உண்டா என்ற தயக்கம்தான் தடுக்கிறது. பிள்ளையை அழைத்துக்கொண்டு போய், "ஐயா, இவ தமிழ்ல 96 வாங்கியிருக்கா, உங்ககிட்ட சேர்த்தா எப்படி வருவா?" என்று கேட்டுப் பாருங்கள். உட்காரச் சொல்லி, பிள்ளையிடம் என்ன படித்திருக்கிறாய் என்று விசாரிக்கிறவர் இருக்கிற துறைக்கு என் ஓட்டு. ஆபீஸில் போய்க் கேளுங்கள் என்று நிமிராமல் சொல்கிறவர் இருக்கிற துறையானால் இன்னொரு கல்லூரியையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டு அழைப்பும் வந்துவிட்டால்

ஜூனில் நடைமுறைச் சிக்கல் ஒன்று வரும். உதவி பெறும் கல்லூரியில் முதலிலேயே இடம் கொடுத்துப் பணம் கட்டச் சொல்வார்கள். அரசுக் கல்லூரியின் முதல் கலந்தாய்வில் பெயர் வந்திருக்காது. இடம் போய்விடுமோ என்ற பயத்தில் பணத்தைக் கட்டி, அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்து அரசுக் கல்லூரியின் அடுத்த கலந்தாய்வுக்கு அழைப்பு வரும். ஏற்கெனவே சேர்ந்துவிட்டோமே, சான்றிதழைத் தருவார்களா, பணம் போய்விடுமே என்று அழைப்பையே விட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு.

விட வேண்டியதில்லை. மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. சேர்க்கையை விட்டு விலகுகிறவருக்கு எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு பணம் திருப்பித் தர வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. எவ்வளவு சீக்கிரம் எழுதிக் கொடுக்கிறோமோ அவ்வளவு கூடுதலாகத் திரும்பக் கிடைக்கும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, தேதி போட்டு, இன்னொரு பிரதியில் அலுவலக முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டிய ரசீதின் ஜெராக்ஸைச் சேர்த்து வையுங்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் முன்பே எடுத்து வைத்திருந்தால் கலந்தாய்வு நாள் காலையில் ஜெராக்ஸ் கடை வரிசையில் நிற்க வேண்டியிராது. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க நாள் பிடிக்கும். அதற்கு மே மாதமே போய்விடுங்கள்.